ஆழம் அளக்காத சர்வேயரும் உன் ஆறு கம்பியும்

அன்புள்ள மாப்ளை சேகருக்கு,

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சைத் தேய்த்து, அது போதாதென்று என் தங்கையையும் கட்டிக்கொண்டு, கடைசியில் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனவனே!

அண்ணாமலைக் கோபுரத்தைப் பார்த்தபடி, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே நான் சொல்வதில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்வாய். மிச்சம் முக்காலையும் "மச்சானுக்கு வாய்க்கு மட்டும் எல்லைக்கல் நடலப்பா" என்று சொல்லித் தள்ளிவிடுவாய். இதையும் அப்படியே தள்ளு. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் தள்ளு.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மலையே ஒரு ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டது. வேங்கிக்காலில் நான் கல் நட்ட வயலெல்லாம் இன்றைக்கு மூன்று மாடி வீடு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் புதிதாக ஒன்பதாயிரம் காபிக் கடை வந்திருக்கிறது. ஒன்றிலும் நம் காபி கிடையாது. எனக்கு சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, முடி ரொம்பக் கம்மி. ரிட்டயர்டு ஆன பிறகும் என் வீட்டு வாசலில் "சர்வேயர்" போர்டு தொங்குகிறது. கழற்றச் சொல்லி அரசாங்கம் கெஞ்சியது, நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உன் கிட்டார்.

ஆனி இரண்டாவது வாரம் கோமதி போன் செய்தாள். "அண்ணா, வூட்டுக்கு வந்துட்டுப் போ" என்றாள், அவ்வளவுதான். போனேன். பீரோ மேல் உன் கறுப்புப் பெட்டி. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அது மேல கம்முனு கெடக்குறத என்னால பாக்க முடியலண்ணா. முப்பது வருசம் சத்தம் போட்ட பொருளு. ஒண்ணு சத்தம் போடணும், இல்ல வூட்ட விட்டுப் போவணும்."

எங்கே போகும்? அதற்கும் ஆள் ரெடி. ஆசிரமத்துப் பக்கம் காபிக் கடை வைத்திருக்கிறாரே ஒரு தாடிக்காரர், ஸ்பெயின் தேசத்தவர், நம்மூரில் பத்து வருஷமாக இருப்பவர், அவர் கேட்டிருக்கிறார். கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, கடைச் சுவரில் மாட்டிவைப்பாராம். நல்ல மனுஷன். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் யோசித்துப் பார், கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாக ஆர்கெஸ்ட்ராவில் கத்திய கிட்டார், இனிமேல் வாயைப் பொத்திக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிப்பதை வேடிக்கை பார்க்கவேண்டும்.

அப்போதுதான் ரேவதி உள்ளே வந்தாள். உன் பெண் இப்போது கலெக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "நான் வாசிக்கிறேம்மா" என்றாள். கோமதி நம்பவில்லை. எனக்குத் தெரியும். நீ அவளுக்குச் சொல்லியே கொடுத்ததில்லை. நீ ஷேவ் செய்துகொள்ளும் பத்து நிமிஷத்தில் திருட்டுத்தனமாக எடுத்து வாசித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். பத்து பத்து நிமிஷமாகப் பதினைந்து வருஷம். உனக்குத் தாடி வேகமாக வளர்ந்தது அவள் அதிர்ஷ்டம்.

உன் ஆர்கெஸ்ட்ராவின் டிரம்ஸ் ஏழுமலையிடம் பேசினோம். இப்போது குழுவை அவன்தான் நடத்துகிறான். அவன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "சர்வேயரே, ஆடி மூணாவது வெள்ளி அடி அண்ணாமலையில அம்மனுக்குக் கூழு ஊத்துறாங்க, சாயங்காலம் நம்ம புரோகிராம். கிட்டாரு ரெடியா இருந்தா பொண்ணு ஏறட்டும். இல்லன்னா கீபோர்டுலயே கிட்டாரு சத்தம் போட்டுட்டுப் போயிடுவேன், என்னைத் தப்பா நெனைக்கக் கூடாது."

கோமதியும் அதே தேதியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வாசிச்சா வூட்ல இருக்கட்டும். இல்லன்னா மறுநாள் அவரு வந்து எடுத்துனு போவட்டும்."

ஆக, என் மருமகளுக்கு ஐந்து வாரம். சும்மாவா, தாய்மாமன் நான் இருக்கிறேனே!

பெட்டியைத் திறந்தோம். ஐயோ மாப்ளே. கம்பிகள் வந்து உட்காருகிற அந்த இரும்பு பிரிட்ஜ் இருக்கிறதே, அது ஜன்மம் எடுத்ததிலிருந்து அசையாதது மாதிரி இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு குட்டித் தாங்கி, அதை ஏற்றி இறக்கி, முன்னே பின்னே தள்ளித்தான் சுருதி கூட்டவேண்டும் என்று ரேவதி சொன்னாள். ஆறில் ஒன்றுகூட நகரவில்லை. இரண்டு திருகாணிக்குத் தலையே இல்லை. தகட்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். கம்பியை முறுக்கினால் கீழே ஒரு ராகம், மேலே ஒரு ராகம்.

ரேவதி குண்டூசியால் ஒரு தாங்கியைச் சுரண்டினாள். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக ஏதோ உதிர்ந்தது.

"இது என்னா மாமா?"

"துரு" என்றேன்.

"மஞ்சளாவா?"

"கல்கத்தாவுல செஞ்ச கிட்டாரும்மா. அந்த ஊர்த் துரு அப்படித்தான்."

அவள் நம்பினாளோ இல்லையோ, ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். அதைப் பற்றி உன்னிடம் தனியாகப் பேசவேண்டும், கொஞ்சம் பொறு.

பிரிட்ஜை மாற்றுவது என்று முடிவாயிற்று. "அளவு சரியா இருக்கணும் மாமா. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓட்டைக்கு ஓட்டை தூரம் மாறுமாம். நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் ரேவதி. எனக்கு வந்ததே கோபம்! யார் வீட்டில் யார் அளவைப் பற்றிப் பேசுவது? இந்த மாவட்டத்தில் நான் சங்கிலி போடாத நிலம் உண்டா? செங்கம் முதல் வந்தவாசி வரை ஆடு மாடெல்லாம் என்னைப் பார்த்தால் தன் வரப்புக்குள் போய் நின்றுகொள்ளும். அண்ணாமலையையே ஒரு முறை அளந்து, ஈசான மூலையில் அரை இன்ச் வெளியே வந்திருக்கிறது என்று நோட்டீஸ் கொடுத்தவன் நான்.

"நீ ஆபீஸுக்குப் போ. மாமா பாத்துக்கிறேன்" என்றேன்.

உன் கிட்டாரைப் பாயில் கிடத்தி, முறைப்படி புலப்படம் வரைந்தேன். வடக்கே கழுத்து, தெற்கே பெல்ட் மாட்டும் கொக்கி, கிழக்கே வால்யூம் குமிழ், மேற்கே என் தொப்பை. ஆறு திருகாணி ஓட்டை. முதல் ஓட்டையின் நடுவிலிருந்து ஆறாம் ஓட்டையின் நடு வரை ஐம்பத்திரண்டரை மில்லிமீட்டர். ஏழு முறை அளந்தேன், ஏழு முறையும் அதே ஐம்பத்திரண்டரை. தகட்டின் நீளம், அகலம், எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் தேதியோடு ரப்பர் ஸ்டாம்பும் குத்தினேன்.

சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமைசாலி.

"ஆறு ஓட்டை, அம்பத்திரெண்டரை. சரிங்க சார். பிளாக் எவ்ளோ டெப்த் வேணும்?"

"என்னாது?"

"அடியில ஒரு இரும்புக் கட்டை பாடிக்குள்ள எறங்கும் இல்ல சார், அதோட ஆழம்?"

"தம்பி, நான் முப்பத்தாறு வருசம் சர்வேயரு. நீளம் சொல்லிட்டேன், அகலம் சொல்லிட்டேன். ஆழமெல்லாம் கெணறு வெட்டுறவங்கள கேளு."

"சார், பாடி மெல்லிசா இருந்தா..."

"அனுப்புப்பா நீ!"

அனுப்பிவிட்டார். என்னிடம் யார் இரண்டாவது முறை வாதம் செய்வார்கள்?

பத்து நாளில் வந்தது. வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது, அதைப் பார்த்துத் தெருவில் மூன்று பேர் தலைவாரிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேவதி வைத்துப் பார்த்தாள். ஆறு ஓட்டையும் ஆறு ஓட்டைமேல் அப்படியே உட்கார்ந்தன. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. நான் மீசையை முறுக்கிக்கொண்டு கோமதியைப் பார்த்தேன்.

ரேவதி கிட்டாரைத் திருப்பினாள். பின்னால், உன் கிட்டாரின் முதுகிலிருந்து, இரும்புக் கட்டை நாலு மில்லிமீட்டர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க மூடி மூடவில்லை. அவள் அதை மடியில் வைத்து அணைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, வயித்துல குத்துது" என்றாள்.

நான் அசரவில்லை. "கிட்டாரு இளைச்சிட்டிருக்கு. ஆள் போன துக்கம்" என்றேன்.

"மரம் எளைக்குமாண்ணா?" என்றாள் கோமதி.

"வாசிக்கிறவங்க கொஞ்சம் குண்டானா சரியாயிடும். இந்த அஞ்சு வாரம் நல்லா சாப்பாடு போடு."

"மூணு வாரம்தான் இருக்குதுண்ணா" என்றாள். சிரிக்கவில்லை. அவள் பார்வை பீரோ மேல் போய்விட்டு வந்தது.

ஏழுமலை வந்தான், பார்த்தான், லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கட்டையை நாலு மில்லிமீட்டர் அறுத்துவிடலாம் என்றான். ரேவதி தலையை ஆட்டினாள். "கம்பி அடியிலேர்ந்துதான் அண்ணா மேல ஏறுது. முனையில இருக்குற உருண்டை அந்தக் கட்டையோட அடிவாய்லதான் மாட்டினு நிக்குது. வாயை அறுத்துட்டா எங்க நிக்கும்?"

"அப்ப மரத்தைக் கொஞ்சம் செதுக்கு, முதுகுல ஒரு துண்டு ஒட்டி..."

"அப்பா கிட்டார்ல ஒரு செதில்கூட எடுக்க மாட்டேன். உடம்புக்கு ஏத்த மாதிரிதான் சட்டை எடுக்கணும். சட்டைக்காக உடம்பை அறுக்குறதில்ல."

அதைச் சொல்லும்போது உன் மூக்கு மாதிரியே அவள் மூக்கு சிவந்தது. ஏழுமலை வாயை மூடிக்கொண்டான். நானும் மூடிக்கொண்டேன். வரலாற்றில் பதிய வேண்டிய தருணம், ஆனால் பதிய ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார் தாடிக்காரர். கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுக்க வந்திருந்தார். "அண்ணா, இன்னும் முடிவாகல, சும்மா அளவு மட்டும் எடுத்துக்கறேன் அண்ணா" என்றார். அவர் பேசும் தமிழ் அண்ணாவில் ஆரம்பித்து அண்ணாவில் முடியும். நடுவில் கொஞ்சம் விஷயம் இருக்கும். கோமதி சரியென்றாள். அவர் டேப்பை இழுத்து அளந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி நோட்டில் எழுதினார்.

"நீளம்..." எழுதினார். "அகலம்..." எழுதினார். பிறகு கிட்டாரை ஒருக்களித்து நிறுத்தி, டேப்பைக் குறுக்கே வைத்தார். "ஆழம், முப்பத்தெட்டு மில்லிமீட்டர் அண்ணா. ரொம்ப ஒல்லி. சுவர்ல அழகா உட்காரும்."

ரேவதி நிமிர்ந்தாள். என் புலப்படத்தை எடுத்தாள். ஸ்டாம்பு, கையெழுத்து, நான்கு எல்லைகள் எல்லாம் பார்த்தாள். பிறகு மெதுவாக, மரியாதையாகக் கேட்டாள்.

"மாமா, நீங்க இதை அளக்கவே இல்லியே?"

மாப்ளே, முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எவனும் என்னை ஆழம் கேட்டதில்லை. நிலத்துக்கு நீளம், அகலம், கல். அதற்குக் கீழே பூமாதேவி பார்த்துக்கொள்வாள். ஒரு பொருளுக்கு மூன்றாவது பக்கம் ஒன்று உண்டென்பது எனக்குத் தோன்றவே இல்லை. கிட்டாரைச் சுவரில் மாட்ட வந்தவர் அளந்தார், வாசிக்கவைக்க வந்த நான் அளக்கவில்லை. இதை நீ அங்கே யாரிடமும் சொல்லாதே. அங்கேயும் என்னிடம் நிலம் அளந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அதன் பிறகு ரேவதி எடுத்துக்கொண்டாள். ஏழாம் வகுப்பில் வாங்கிய இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து பழைய பிரிட்ஜைத் தலைகீழாக வைத்து அளந்தாள். அந்தக் கட்டை முப்பத்தாறு. நான் வாங்கியது நாற்பத்திரண்டு. அதே கடைக்கு அவளே போன் போட்டாள். "ஆறு திருகாணி மாடல், ஓட்டைக்கு ஓட்டை அம்பத்திரெண்டரை, கட்டை முப்பத்தாறுக்கு மேல போவக் கூடாது, கம்பிக்குக் கம்பி பத்தரை" என்று வரிசையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர், "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டது என் காது வரை கேட்டது. "சார் வீட்ல இருக்காருங்களா மேடம்?" என்றும் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

தலைப்பக்கத்தில் கம்பி முறுக்கும் ஆணிகள் ஆறையும் புதிதாக மாற்றிவிடலாம் என்றான் ஏழுமலை. ஐந்து வெள்ளை, ஒன்று கறுப்பு, பார்க்க நன்றாக இல்லையாம். அந்தக் கறுப்பு ஒன்று நீ போளூர்க் கல்யாணத்தில் உடைத்துக்கொண்டு, வேறு எந்தக் கிட்டாரிலிருந்தோ பிடுங்கிப் போட்டதுதானே? ரேவதி ஒவ்வொன்றையும் முறுக்கி, விட்டுப் பார்த்தாள். ஒன்றும் நழுவவில்லை. "நல்லா புடிக்குது. கெட்டதை மட்டும் மாத்துவோம்" என்றாள். உன் கறுப்புப் பல் அப்படியே இருக்கிறது.

எல்லாமே பொருந்தியது என்று பொய் சொல்லமாட்டேன், நானாவது பொய்யாவது. சத்தத்தை அழவைக்க நீ பிடித்து ஆட்டுவாயே ஒரு வளைந்த கம்பி, அதன் மரை புதிய பிரிட்ஜில் ஏறவில்லை. புதியதோடு வேறு கம்பி வந்தது. உன்னுடையது இப்போது என்னிடம் இருக்கிறது. முதுகு சொறிய அதைப்போல் ஒன்று இந்த உலகத்தில் கிடையாது.

இரண்டாவது பிரிட்ஜ் வருவதற்குள் ஆடி பிறந்து இரண்டு வெள்ளியும் போய்விட்டது. மூன்றாவது வெள்ளிக்கு முன்னால் இருந்த ஞாயிறு காலைதான் வந்து சேர்ந்தது. ரேவதி வைத்தாள். முன்னால் ஆறு ஓட்டை, சரி. திருப்பினாள். கட்டை உள்ளே போய் அடக்கமாக ஒளிந்துகொண்டிருந்தது. மூடி மூடியது. நான் மூச்சு விட மறந்து நின்றேன், ஒரு மணி நேரம் இருக்கும்.

திருகாணி முடுக்கச் சின்ன சாவி ஒன்று வேண்டும் என்று அவள் உன் பெட்டியின் பக்கவாட்டு அறையைத் துழாவினாள். சாவி வந்தது. கூடவே ஒரு பழைய டூத்பிரஷ் வந்தது. அதன் நார் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் ஏறி, காய்ந்து, ஊறி, வேறு நிறமே இல்லாமல் இருந்தது. ரேவதி அதைப் பார்த்தாள். முன்பு மடித்து வைத்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கல்கத்தாத் துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒத்துக்கொள்கிறேன் மாப்ளே. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் சங்கிலியையும் உன் கிட்டாரையும் ஒரே பலகையில் வைத்துப் பொட்டு வைத்தவன் நான். கிட்டாருக்கு ஒரு பொட்டு போதும் என்று கோமதி சொல்வாள். எனக்குப் போதாது. பெரிய பொருளாயிற்றே! ஆறு தாங்கிக்கும் ஆறு, திருகாணிக்குத் திருகாணி ஒன்று, மேலே சந்தனம் குழைத்து, அதன் மேல் குங்குமம், ஈரம் காயாமல். அது உள்ளே இறங்கி இரும்பைத் தின்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ ஒரு வருஷமும் "வேண்டாம் மச்சான்" என்று சொன்னதில்லையே. தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, "இந்த வருசம் அலங்காரம் ஜோர்" என்பாய்.

மறுநாள் நான் போன பிறகு உட்கார்ந்து இந்தப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாயா? எத்தனை வருஷம்? கடைசி இரண்டு பூஜைக்கு நீ படுக்கையில் இருந்தாய். நான் அப்போதும் பொட்டு வைத்தேன், வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே வைத்தேன், நீ எழுந்து வரவேண்டும் என்று. அந்த இரண்டையும் தேய்க்க ஆள் இல்லை. இல்லையா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்றா? நான் என்றைக்குக் கோபித்துக்கொண்டிருக்கிறேன், வாரத்தில் நாலு நாள் தவிர?

சரி, அதை விடு. இப்போது நடந்ததைக் கேள்.

ரேவதி ஆறு கம்பியையும் ஏற்றி, தாங்கிகளை ஒவ்வொன்றாக நகர்த்திச் சுருதி சேர்த்தாள். உன் பழைய ஆம்ப்ளிபயரைப் போட்டாள். தலை குனிந்து, உன்னைப் போலவே கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கல்யாணம் நீ மைக் டெஸ்டிங்கிற்கு முன்னால் வாசிப்பாயே அந்த நாலு வரி, அதை வாசித்தாள்.

அப்புறம் என்ன! மலை ஒரு முறை திரும்பிப் படுத்தது. கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடது காலைத் தூக்கினார்கள். கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக் குரங்கெல்லாம் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டின. வேங்கிக்காலில், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த கலெக்டர் ஆபீஸில், இருபது வருஷமாகத் தூங்கிய ஒரு பட்டா ஃபைல் தானே எழுந்து கையெழுத்தாகித் தபாலில் போனது. அடுப்படியிலிருந்து கோமதி, "ஏங்க, தோசை ஆறுது, அப்பறம் வாசிக்கலாம் வாங்க" என்று கூப்பிட்டாள். செங்கம் ரோட்டில் தியானத்தில் உட்கார்ந்திருந்த நூறு வெள்ளைக்காரர்கள் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து "யாரது?" என்று சுத்தத் தமிழில் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையில் கூழ் ஊற்றி முடிந்து, சாயங்காலம் மேடை. கூட்டம் அண்ணாமலையின் இடுப்பு வரை இருந்தது. ஏழுமலை டிரம்ஸில் தட்ட, ரேவதி சுரிதாரும் பெல்ட்டுமாக ஏறி நின்றாள். முதல் பாட்டில் ஒரு இடத்தில் தடுமாறினாள். ஏழுமலை ஒரு தட்டைக் கூட்டிப் போட்டு, அவளைத் தூக்கிவிட்டான். இரண்டாவது பாட்டில் அவள் அவனைத் தூக்கிவிட்டாள். முன்வரிசையில் ஒரு பெரியவர், "சேகரு வாசிக்கிற மாதிரியே இருக்குதே" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அவரு பொண்ணுய்யா, வேற யாரு மாதிரி இருக்கும்?" என்றார். கோமதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கூழ்ச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை அதைக் குடிக்கவே இல்லை.

மறுநாள் தாடிக்காரர் வந்தார். கோமதி அவருக்குக் காபி கொடுத்தாள், நம் காபி. "சுவத்துக்கு வேற எதுனா பாருங்க தம்பி. இது இன்னும் வேலைக்குப் போவுது" என்றாள். அவர் சிரித்தார், சரி அண்ணி என்றார். அவர் வாயில் வேறு உறவு வந்தது அன்றுதான். சும்மா அனுப்பக் கூடாதென்று, நான் வாங்கிய முதல் பிரிட்ஜை, அந்த நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் பெருமையை, அவருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது கண்ணாடிப் பெட்டியில், விளக்குப் போட்டு, கடைச் சுவரில் தொங்குகிறது. வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். கேட்கிறவர்களிடம், இது ராஜராஜன் காலத்துக் கோட்டைக் கதவின் தாழ்ப்பாள் என்று சொல்லிவருகிறேன். இதுவரை எவரும் மறுக்கவில்லை. ஒருவர் படமெடுத்துக்கொண்டு போனார்.

ஆயுத பூஜை வருகிறது மாப்ளே. உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பொட்டு வைக்காமல் இருப்பேன் என்று சொல்லமாட்டேன், அது என்னால் ஆகாது. வைப்பேன். ஆறு தாங்கிக்கும் ஆறு, திருகாணிக்குத் திருகாணி ஒன்று. ஆனால் மறுநாள் காலையில், ரேவதி ஆபீஸுக்குக் கிளம்புவதற்குள், அந்த டூத்பிரஷ்ஷோடு நான்தான் உட்காருவேன். பிரஷ் இப்போது என் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயிர் இருக்கும்வரை எந்த வருஷமும் தவறாது.

இனி நீ தள்ளவேண்டியதைத் தள்ளிக்கொள்ளலாம். மலை திரும்பிப் படுக்கவில்லை. குரங்கு கை தட்டவில்லை. பட்டா ஃபைல் இன்னும் அங்கேயேதான் தூங்குகிறது. ஆனால் சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். அந்த ஞாயிற்றுக்கிழமை கிட்டார் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து கோமதி உன்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, கரண்டியோடு வாசற்படி வரை வந்து நின்றாள். ரேவதி வாசிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோமதி திரும்பிப் போய், தட்டில் எடுத்துவைத்த தோசையைத் திரும்பக் கல்லில் போடவில்லை, மூடியும் வைக்கவில்லை. கொண்டுவந்து மேஜையில், நீ உட்காரும் இடத்தில் வைத்தாள்.

அதை நான்தான் சாப்பிட்டேன். ஆறித்தான் போயிருந்தது. மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் பெண்ணுக்குத் தாய்மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சர்வேயர் தணிகாசலம்